ஸ்டார்லிங் பார்க்க ஓர் ஊர்

ஜனவரி 4, ஞாயிறு. பிளெய்ன்ஸ்பரோ, அமெரிக்கா

மேகமூட்டம். காற்று. வெளியே இருபத்தாறு டிகிரி என்றான் மகன் செந்தில். ஃபாரன்ஹீட்டாம். உலகத்தோடு ஒத்துப்போக இந்த நாட்டுக்கு மனசு கிடையாது.

இன்றைய வேலை: ஊரை முடிவு செய்வது. திரும்பும் வழியில் பிரிட்டனில் நான்கு நாள். நானும் கமலாவும் மட்டும். விசா டிசம்பரிலேயே வந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி இங்கிருந்து கிளம்பல். பிப்ரவரி இரண்டோடு எங்கள் ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் மதுரையிலிருந்து சம்பந்திகள் வந்து பேத்தி யாழினியைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். இந்த அபார்ட்மென்ட் முழுக்க இதே ஏற்பாடுதான். பையனைப் பெற்றவர்கள் ஆறு மாதம், பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம். பஸ் டெப்போவில் ஷிஃப்ட் மாற்றுவது போல. அங்கே முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போ என்று விடுவார்கள்.

கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அவளும் சேர்ந்து போன ஊர்கள்: பழனி, திருப்பதி, கல்யாண வீடு, இழவு வீடு, பிள்ளை வீடு. காரியம் ஒன்றும் இல்லாமல் சும்மா ஓர் ஊருக்குப் போனது கிடையாது. அதனால் பொள்ளாச்சியில் வைத்தே செந்திலிடம் கறாராகச் சொன்னேன். வருகிறோம், ஆறு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், திரும்பும்போது எனக்கு நான்கு நாள் வேண்டும். சரி என்றான்.

ஊர்கள்:

சாமர்செட். நாணல் சதுப்பு. ஸ்டார்லிங் என்கிற மைனா சாதிப் பறவை லட்சக்கணக்கில் இறங்குமாம். ஆனால் சேறு. இருட்டிய பிறகு அதே சேற்றில் திரும்பி நடக்கவேண்டும்.

ஆபரிஸ்ட்வித். வேல்ஸில். கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் அடியில் வந்து அடையும். ரயில் தூரம் அதிகம். பெயரை வாயில் வரவழைக்க நான்கு நாளில் ஒரு நாள் போய்விடும்.

பிரைட்டன். இதுவும் கடல் பாலம். லண்டனிலிருந்து ஒரே ரயில். பாலத்தில் உட்கார பெஞ்சு உண்டு. கழிப்பறை உண்டு. (கமலாவின் ஒரே நிபந்தனை.)

சாப்பாட்டு மேஜையில் விசாரணை நடந்தது.

"அப்பா, ஸ்டார்லிங் பாக்கறதுக்கா இங்கிலாந்து? சீரியஸா? இந்தியன் ஸ்டோர் பார்க்கிங் லாட்ல சமோசா பொறுக்கிட்டு இருக்கே, அதுதானே?"

"அதேதான்."

"பஃபின் பாருங்கப்பா. க்யூட்டா இருக்கும்."

"அது கடல் பறவை, ஜனவரில நடுக்கடல்ல இருக்கும். கரைக்கே வராது. தெரிஞ்சுட்டுப் பேசு."

மருமகள் நித்யா: "மாமா, பேசாம லண்டன்லயே இருந்து நாலு இடம் சுத்திக் காட்டுங்களேன். அத்தை பாவம்."

அத்தை பாவமாம். ஆறு மாதமாக அவளைப் பாவமாக வைத்திருப்பது யார்.

கமலா என் தட்டில் பரிமாறிக்கொண்டே, "இதோ சாதம், இதோ ரசம், இங்க அப்பளம்" என்று ஏலம் போட்டாள். கொஞ்ச நாளாக இது ஒரு புதுப் பழக்கம். எனக்கு என்ன, அப்பளம் தெரியாதா.

தெரியவில்லைதான். இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள்.

பார்வையின் நடுவில் ஒரு கறை. இடது கண்ணில் முன்பே. வலதில் போன வருடம் ஆரம்பம். கோவை டாக்டர் சொன்னது: வயசுக்கு வருவது, இந்த வகைக்கு மருந்து இல்லை, ஓரப் பார்வை இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். பழகிக்கொண்டிருக்கிறேன். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லை. பக்கத்தில் பார்த்தால் அது இருக்கிறது. குருவி வேண்டுமானால் குருவிக்கு அடுத்த கிளையைப் பார்க்கவேண்டும். அதுவும் அசைந்தால்தான்.

ஒற்றைப் பறவை இனி எனக்கில்லை. பஃபினும் பஞ்சு உருண்டையும் ஒன்றுதான். வானத்தை மூடுகிற கூட்டம் என்றால் ஓரத்திலாவது மாட்டும். அதனால் ஸ்டார்லிங். இந்தக் குளிர்காலத்தில் பார்த்தால் உண்டு. அடுத்ததில் ஓரமும் இருக்குமோ என்னவோ.

கமலாவுக்குத் தெரியாது. கோவைக்குப் போனபோது பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். செந்திலுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. இப்போதே, "வீட்ட வித்துட்டு வந்துடுங்கப்பா, ஸ்பான்சர் பண்றேன்" என்கிறான். கண் விஷயம் கையில் கிடைத்தால் பேச்சுக்கே இடமிருக்காது. மீதி ஆயுள் இந்தக் கார்ப்பெட்டில்.

முடிவு: பிரைட்டன்.


ஜனவரி 6, செவ்வாய்

வெயில், சூடில்லாத வெயில். ஏரிக்கரை நடை.

கமலா கூட வந்தாள். குழந்தை தள்ளுவண்டியில். கமலா போட்டிருந்தது ஓர் ஆரஞ்சு ஸ்வெட்டர். தள்ளுபடியில் எடுத்தாளாம். ரோடு போடுகிறவர்கள் போடும் நிறம். நாற்பது வருடமாக மாந்தளிர், அரக்கு தவிர உடுத்தாதவள். "இந்த வயசில என்ன கூத்து இது" என்றேன். "குளுருக்கு நல்லா இருக்குது" என்றாள். நிறத்துக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்.

வழி நெடுக, "படி", "பள்ளம்", "இங்க பனி" என்று அறிவிப்பு. எனக்கா குழந்தைக்கா என்று கேட்டேன். குழந்தைக்குத்தான் என்றாள். குழந்தை வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

தொலைநோக்கி வைத்திருக்கும் வெள்ளைக்கார அம்மாள் இன்றும் வந்திருந்தாள். போன மாதம் ஏதோ ஒரு வாத்தைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டு, கண்ணாடியில் கண்ணை வைக்கச் சொன்னாள். சாம்பல் நிறக் கரைசல். "பியூட்டிஃபுல்" என்றேன். அதிலிருந்து என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று மரத்தின் மேல் ஒரே இரைச்சல். என்ன என்று கேட்டேன். "ஓ, ஜஸ்ட் ஸ்டார்லிங்ஸ்."

ஜஸ்ட். நூறு வருடத்துக்கு மேலாகிறது இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கில் திறந்துவிட்டு. இன்னும் ஜஸ்ட். இந்த ஊர்ப் பறவைகளின் பொந்தைப் பிடுங்குகிறதாம். அதன் கூட்டைக் கலைத்தால் குற்றமில்லையாம், அந்த அம்மாளே பெருமையாகச் சொன்னாள்.

அதனால்தான் அதன் சொந்த ஊரில் பார்க்கவேண்டும் என்று செந்திலிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இதுவும் பொய்யில்லை. முதல் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

மாலையில் போனைப் படிக்கச் சொல்லிக் காதில் வைத்துக் கேட்டதில் புதுச் செய்தி. பிரிட்டனில் குளிர்காலத்தில் கூடுகிற ஸ்டார்லிங்கில் பெரும்பங்கு ரஷ்யாப் பக்கத்திலிருந்து வருகிறதாம். குளிர் போனதும் திரும்பிவிடுமாம். ஆக அங்கேயும் விசிட்டர். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. கொஞ்ச நேரம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.


ஜனவரி 8, வியாழன்

தூறல். பிரைட்டனில் அறை போட்டாயிற்று. கடற்கரைக்கு எதிரே, தரைத்தளம். தரைத்தளம் வேண்டும் என்றது கமலா. முழங்காலாம். ஆறு மாதமாக இந்த வீட்டில் மாடி ஏறி இறங்கியபோது இல்லாத முழங்கால்.

இதற்கு மேல்தான் வந்தது வினை. லண்டன் பக்கம் ஸ்லௌவில் இருக்கும் மோகன், என் சித்தப்பா பேரன். செந்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அவனிடம் சொல்லிவிட்டான். போன் வந்தது.

"பெரியப்பா! லண்டன் வந்துட்டு ஹோட்டல்லயா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சுருவாங்க."

"லண்டன் இல்லப்பா. பிரைட்டன்."

"அங்க என்ன இருக்கு? நம்மாளு ஒருத்தரும் இல்லையே."

"அதனாலதான்."

சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைத்துவிட்டான். "சனிக்கிழமை ஃப்ரீ பெரியப்பா. முருகன் கோயில், அப்பறம் நம்ம வீட்ல சாப்பாடு. குருவி தானே, எங்க பேக்யார்டுலயே புறா வரும்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டியதில் ஒரு மதியச் சாப்பாட்டோடு விட்டான். நான்கு நாளில் அரை நாள் போயிற்று. சொந்தக்காரன் இல்லாத தேசம் ஒன்று பாக்கி இருந்தால் அங்கே போயிருக்கலாம்.

கமலாவிடம் பிரைட்டன் பற்றிச் சொன்னேன். பாலத்தின் நுனியில் உட்காரலாம், சூரியன் இறங்கும்போது நாலாபக்கமிருந்தும் வரும், ஒன்றாகச் சேர்ந்து துணியை உதறுவது போல வானத்தில் திரும்பும், சத்தம்கூடக் கேட்குமாம், மழை வருவது போல. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்நேரத்துக்குங்க வரும்?"

"பொழுது சாயற நேரம். நாலு, நாலரை. அங்க அப்பவே இருட்டீரும்."

"சரி, நானும் பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இன்று நல்ல நாள்.


ஜனவரி 11, ஞாயிறு

பனி. விடியும்போதே நித்யா அழுகை. மதுரையில் அவள் பெரியப்பா போய்விட்டார். சம்பந்திக்குக் கூடப்பிறந்த அண்ணன். நெஞ்சுவலி, தூக்கத்திலேயே.

நல்ல மனிதர். கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வாங்கினார்.

வீடு முழுக்கப் போன். கேட்டவை:

"பதினாறு முடிஞ்சாத்தான் அசைய முடியும்."

"பதினாறு எங்க, முப்பது கும்பிட்டுட்டுத்தான் கடல் தாண்டணும்னு அத்தை சொல்றாங்க."

"ஃப்ளைட் சேஞ்ச் பண்ண முடியுமா பாரு."

"டேகேர்ல கேட்டியா?" "வெயிட்லிஸ்ட்."

யாரும் என் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. முப்பதாம் நாள் பிப்ரவரியில். எங்கள் தேதி பிப்ரவரி இரண்டு. செத்த வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.


ஜனவரி 13, செவ்வாய்

வெளியே போக முடியாத குளிர். குழந்தையை உள்ளரங்க விளையாட்டு இடத்துக்குக் கூட்டிப் போனோம். பந்துக் குழி, சறுக்கு, கூச்சல்.

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ரோஸ் ஜாக்கெட் போட்ட குழந்தை சறுக்கில் இறங்கி வந்தது. "யாழினி, வா கண்ணு, தண்ணி குடி" என்று கையைப் பிடித்தேன். குழந்தை வீல் என்று கத்தியது. யாழினி இல்லை. யாரோ ஒரு தெலுங்குப் பெண்ணின் குழந்தை. அம்மாக்காரி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றி எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

கமலா எங்கிருந்தோ வந்தாள். ஆரஞ்சு ஸ்வெட்டர் முதலில் வந்தது, பிறகு அவள். அந்தப் பெண்ணிடம் அரைகுறை இங்கிலீஷில், "ஆல் பேபி, ஹீ கால் யாழினி, யாழினி. ஆல் பேபி" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். கிழவனுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கமலா மேல் கோபம். என்னைக் கோமாளி ஆக்கிவிட்டாள். செந்தில் கேட்டபோது, "நல்லா வெளையாண்டா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுவரைக்கும் புத்தி இருக்கிறது.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இண்டக்ஷன் அடுப்பில் பொங்கல் பொங்காது, அடி பிடிக்கும். பிடித்தது. துக்கம் என்பதால் நித்யா சாப்பிடவில்லை. கரும்பு ஒரு முழம், பிளாஸ்டிக் உறையில், இந்தியன் ஸ்டோரிலிருந்து. நேற்றே வாங்கினான் செந்தில்.

கரும்பு வாங்கப் போனபோது கூட்டமாகப் பறந்ததாம் ஸ்டார்லிங். வீடியோ எடுத்து வந்து காட்டினான். "பாருங்கப்பா, இங்கயே ஃப்ரீயா ஷோ." உள்ளங்கை அளவு போனில் காட்டினால் எனக்கு என்ன தெரியும். "நல்லா இருக்குது" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டான் போல.


ஜனவரி 17, சனி

குளிர். தீர்ப்பு வந்துவிட்டது.

செந்தில் உட்காரவைத்துப் பேசினான். ஆபீஸில் இப்படித்தான் பேசுவான் போல, முதலில் புகழ்ச்சி. "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நாங்க இல்லப்பா." பிறகு விஷயம். அம்மாவுக்கு மட்டும் நீட்டிப்பு விண்ணப்பம் போடுகிறான். இன்னும் ஆறு மாதம் கேட்டு. "நீங்க ப்ளான் பண்ண மாதிரி போங்கப்பா. பிரைட்டன் ரூம் கேன்சல் பண்ணல. உங்களுக்குத்தானே பேர்ட்ஸ். அம்மா வந்தாலும் போரடிச்சு உக்காந்திருப்பாங்க."

"தனியாப் போக மாட்டேன்."

"ஏன்?"

"போக மாட்டேன்னா போக மாட்டேன்."

"மோகன் ஸ்டேஷன்ல ட்ராப் பண்ணுவான். ஒரே ட்ரெயின்."

ஒரே ரயில். ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று மேலே பலகையில் எழுதியிருக்கும். பலகையை நேராகப் பார்த்தால் பலகை இல்லை. பக்கத்தில் பார்த்தால் பலகை உண்டு, எழுத்து இல்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது.

"அப்ப நீங்களும் எக்ஸ்டெண்ட் பண்ணுங்க. மார்ச் ஏப்ரல்ல ரெண்டு பேரும் ஜாலியா போங்க."

"மார்ச்சில கூட்டம் கலைஞ்சுரும். அதோட, ஆறு மாசம்னு சொன்னேன். ஆறு மாசந்தான்."

"இது என்னப்பா பிடிவாதம்? எல்லாம் உங்களுக்காகத்தான அரேஞ்ச் பண்ணோம்."

"எனக்காகன்னா ரெண்டு டிக்கெட்டு போடு."

எழுந்து போய்விட்டான். உள்ளே நித்யாவின் குரல், மெதுவாகத்தான், காது எனக்கு நன்றாக இருக்கிறது: "ஹி இஸ் இம்பாசிபிள், செந்தில். எங்க வீட்ல சாவு. ஹி இஸ் டாக்கிங் அபவுட் பேர்ட்ஸ்."

சரிதான். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

கமலா இவ்வளவுக்கும் ஒரு வார்த்தை: "அவரு ஒத்தைல போக மாட்டாரு சாமி. உடு." என்னவோ நான் பயந்தாங்கொள்ளி மாதிரி. இருக்கமாட்டேன், அவரோடுதான் போவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழந்தைக்கு வாழைப்பழம் பிசைந்துகொண்டிருந்தாள்.


ஜனவரி 18, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை. யாரும் என்னோடும்.

கமலா தவிர. "இதோ காப்பி, கைப்பிடி உங்க பக்கம்" என்றாள்.


ஜனவரி 20, செவ்வாய்

உறைந்த மழை. வாசல் கண்ணாடி போல வழுக்குகிறதாம். அறையை ரத்து செய்தாயிற்று. நானே செய்யச் சொன்னேன். செந்தில் இரண்டு முறை கேட்டான், "ஷுராப்பா?" ஷூர்.

லண்டன் வழியாக, எங்கும் தங்காமல் கோவைக்கு ஒரு டிக்கெட். தேதி அதே இருபத்தாறு.

சமையலறையில் கமலாவும் செந்திலும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு குசுகுசு. காதில் விழுந்தது:

"காலைலயே கனெக்‌ஷன் இருக்கும்மா, ரெண்டு மணி நேரத்துல."

"அது வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இருக்கற மாதிரி பாரு சாமி."

"பாவம்மா, அவ்ளோ நேரம் ஏர்போர்ட்ல—"

"உக்காரட்டும். அவசரமா ஓடமுடியாது அவரால."

ஒரு பகல் முழுக்க அங்கே காத்திருக்கவேண்டும். அவசரமாக ஓட முடியாதாம். டெப்போவில் நகரும் பஸ்ஸில் ஏறியவன் நான். கேட்டுக்கொண்டே வந்து நின்றேன், இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கேட்கவில்லை. எனக்கென்ன. பிரைட்டனே போனபிறகு எட்டு மணி நேரம் என்ன, எண்பது மணி நேரம் என்ன.

பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், எடுத்தேன். சாமர்செட், ஆபரிஸ்ட்வித், பிரைட்டன். கடைசியில் தேர்வான இடம்: ஹீத்ரோ விமான நிலையம்.


ஜனவரி 23, வெள்ளி

சூட்கேஸ். செந்திலின் பழைய ஜாக்கெட் இரண்டு, குழந்தை கிறுக்கிய படம், பாதாம், முந்திரி. இந்தியாவுக்கு முந்திரி கொண்டுபோகிற தேசம்.

சாப்பிடும்போது செந்தில் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னான், வீல்சேர் போட்டிருக்கிறானாம். இங்கே எல்லாரும் அம்மா அப்பாவுக்கு அப்படித்தான் போடுகிறார்கள், நடக்க முடிந்தவர்களுக்கும். இமிக்ரேஷனில் வரிசை கிடையாது, இங்கிலீஷில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், கேட்டுக்குக் கேட் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வரும்போது இதைச் சொன்னதற்கு நான் போட்ட சத்தம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். கால் நன்றாக இருக்கிறவன் எதற்கு நாற்காலியில் உட்காரவேண்டும், பொய்தானே அது.

இன்று எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு என் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

யோசித்தேன். அங்கும் பலகைகள். பலகை பலகையாக. ஒருத்தரையும் கேட்காமல், ஒருத்தருக்கும் தெரியாமல் பொள்ளாச்சி போய்ச் சேர வேறு வழியில்லை.

"சரி" என்றேன்.

செந்திலுக்கு நம்பிக்கையில்லை. "சரியாப்பா? நிஜமாவா? அம்மாதான் போடச் சொன்னாங்க, நீங்க திட்டுவீங்கன்னேன்."

"மாமாவே ஒத்துக்கிட்டாரா!" என்று நித்யா சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. எல்லாரும் சிரித்தார்கள். கமலா சிரிக்கவில்லை. இன்னொரு தோசை போட்டாள். "இதோ தோசை."

நான் தோற்றுப்போனதில் இந்த வீட்டுக்கு இவ்வளவு சந்தோஷம்.


ஜனவரி 26, திங்கள். நெவார்க்

எழுதும் இடம்: விமானம் ஏறும் வாசல். நாற்காலியில் உட்கார்ந்து. மடியில் நோட்டு. கறுப்பு மார்க்கர், பக்கத்துக்குப் பத்து வரி.

காரில் கொண்டுவந்து விட்டது செந்தில். இறங்கும்போது கட்டிக்கொண்டான். "அங்க தனியா எப்படிப்பா இருப்பீங்க. யோசிங்க. வீட்ட வித்துட்டு வந்துருங்க." பார்ப்போம் என்றேன். பார்ப்போம். அந்த வார்த்தையே இப்போது கேலியாக இருக்கிறது.

கமலாவோடு பேச இரண்டு நிமிடம் கிடைத்தது. உருப்படியாக எதையாவது பேசியிருக்கலாம்.

"மாத்திரை மேல் பையில. நீலப் பெட்டி ராத்திரிக்கு."

"தெரியும்."

"அங்க போயி கடைக பக்கம் உக்காந்துக்காதீங்க. ஜன்னல் ஓரமாப் பாத்து உக்காருங்க."

"நீ சொல்லித்தான் உக்காரோணுமா?"

"ஆமா."

"எப்ப வருவ?"

"விசாவுக்கு அவிய என்ன சொல்றாங்களோ பாத்துட்டு. ஆகஸ்ட்டுக்குள்ள."

ஆகஸ்ட். நான் அவளிடம் வா என்று சொல்லவில்லை. அவள் இருக்கட்டுமா என்று கேட்கவில்லை. நாற்காலி தள்ளும் பெண் கிளம்பிவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் ஒரே மாவு. ஆரஞ்சு ஸ்வெட்டர் மட்டும் சோதனை வரிசை முடியும் வரைக்கும் தெரிந்தது. அசையாமல் நின்றது.


ஜனவரி 27, செவ்வாய். ஹீத்ரோ

மழை. காலையிலிருந்து இங்கேயே. இட்லி என்று ஒன்றை விமானத்தில் கொடுத்தார்கள். மோகன் போன் செய்தான், "பெரியப்பா, பக்கத்துலதான் இருக்கீங்க, பாக்க முடியலையே." நல்லது.

நாற்காலி தள்ளுகிறவர் இலங்கைத் தமிழர், யாழ்ப்பாணம். ஐம்பது வயது இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். ஜன்னல் ஓரமாக விடச் சொன்னேன். விட்டார். மதியம் ஒரு முறை, பிறகு ஒரு முறை வந்து பார்த்தார்.

"என்ன ஐயா வடிவா வெளியில பாத்துக்கொண்டே இருக்கிறியள்?"

"ஸ்டார்லிங்னு ஒரு பறவை. மைனா சாதி. சாயங்காலம் கூட்டமா வரும்."

"இஞ்சயோ?" சிரித்தார். "ஐயா, இது பிளேன் ஏறுற இடம். குருவி வந்தா விடுவினமே? கலைச்சுப்போடுவினம். எஞ்சினுக்குள்ள போயிடுமெல்லோ."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை படித்து. இந்தத் தேசத்திலேயே பறவை வரக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இது.

"காகம் சில நேரம் வரும்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணி இருக்கும், வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது கமலாவின் போன். அங்கே காலை. பின்னால் குழந்தை அழுகிறது.

"ஜன்னல் கிட்டயா இருக்கீங்க?"

"ம்."

"வெளிச்சம் இருக்குதுங்களா?"

"போயிட்டு இருக்குது. என்ன இப்ப?"

"இந்நேரந்தானுங்க அந்தக் குருவிக வரும்? அதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் இருக்கற டிக்கெட்டாப் போடச் சொன்னேன். அவன் காலைலயே ஏத்திவிடப் பாத்தான்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"ஏனுங்க. நேராப் பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"யாரு சொல்லோணும். ஒரு வருசமா என்ற காதப் பாத்துத்தானே பேசிட்டு இருக்கீங்க."



"செந்திலுக்கு?"

"அவனுக்கென்ன தெரியும். நான் சொல்லுவனா. வெச்சர்றேன், பாப்பா அழுகுது. தள்ளிப் பாருங்க."

ஆரஞ்சு ஸ்வெட்டர்.

தரைத்தளம். கைப்பிடி உங்க பக்கம்.

தள்ளிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு விமானத்தின் வால். அதற்கப்பால் மழை. ஏதோ ஒன்று கறுப்பாக எழும்பி விழுந்தது. காகமோ, பிளாஸ்டிக் பையோ. அது ஒன்றுதான். வேறு எதுவும் வரவில்லை. விளக்குகள் போட்டுவிட்டார்கள், ஜன்னலில் இப்போது என் நாற்காலிதான் தெரிகிறது.

நாற்காலி தள்ளுகிறவர் வந்துவிட்டார், கேட் திறந்துவிட்டதாம்.

பொள்ளாச்சி வீட்டு வாசற்படி உயரம். அங்கே படி என்று சொல்ல ஆள் இல்லை.